மூடி திறக்கும் பகுதி

“நான் எழுதின வரி அங்கயே இருக்குதுங்க மேடம். அப்புறம் எப்படிங்க அவன் செத்தான்?”

சென்னியப்பன் வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வாங்க என்று சொல்லும்வரைகூடப் பொறுக்கவில்லை. கையில் ஒரு கத்தைத் தாள். சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கண்ணாடி பார்க்கிற மனநிலையில் அவர் இல்லை.

தமயந்தி அவரைவிட இருபது வயது சின்னவர். கோவை கணபதியில், ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். முன்பு ஒரு பெரிய சிப் கம்பெனியில் வேலை. ஏன் விட்டார் என்று கேட்டவர்கள் யாருக்கும் பதில் கிடைத்ததில்லை. மெஷின் ஏன் இப்படிச் செய்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள், எல்லாக் கதவையும் தட்டிவிட்டுக் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு.

ஒருவர் எழுதிய புரோகிராம் வாசற்படி தாண்டக் கூடாது. அதை கம்பைலர் மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருமே, அந்த ஆப்ஜெக்ட் கோப்பு மட்டும் உள்ளே வரலாம். இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு. தமயந்தி அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

“கையில என்ன?”

“புரோகிராமுங்க. பிரிண்ட் போட்டுக் கொண்டாந்திருக்கேன்.”

“செருப்பு கிட்ட வச்சிட்டு வாங்க.”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவர். அவர் எழுதியதை இதுவரை யாரும் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னதில்லை.

“நீங்க பாக்கவே வேண்டாமுங்களா?”

“நீங்க என்ன எழுதினீங்கன்னு உங்களுக்குத் தெரியும். மெஷின் அதைப் பாத்ததே இல்லை சார்.”

அவர் குனிந்து தாள்களைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு செருப்பை எடுத்து மேலேயும் வைத்தார். அந்த நிலைமைக்கு வந்திருந்தார் மனிதர்.

“இப்ப சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. துணியைச் சாயத்தில் போட்டு வேகவைக்கிற பெரிய எஃகு மெஷின். பிரஷர் குக்கர் மாதிரிதான், ஒரு அறை அளவுக்கு. உள்ளே கொதிக்கிற சாயத் தண்ணீர். உள்ளே பிரஷர் இருக்கும்போது மூடியைத் திறந்தால் எதிரில் நிற்கிறவன் அதோடு சரி.

அதனால் மூடிக்கு ஒரு பூட்டு. பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன சிப். அந்த சிப்புக்குப் புத்தி கொடுத்தது சென்னியப்பனின் புரோகிராம்.

“பட்டனை அமுத்தினா, பிரஷர் இருக்குதான்னு பாக்கும். இருந்தா திறக்காது. இல்லைன்னாலும் உடனே திறக்காது. ஒரு நிமிஷம் காத்திருக்கும். அப்புறம் மறுபடியும் பாக்கும். அப்பவும் பிரஷர் இல்லைன்னாத்தான் பூட்டை விடும்.”

“ரெண்டாவது தடவை எதுக்கு?”

“அடியில கிடக்கிற தண்ணி திடீர்னு மறுபடி கொதிச்சுக்குமுங்க. அந்த ஒரு நிமிஷத்துல பிரஷர் ஏறிரும். மத்த கம்பெனிக்காரங்க ஒரு தடவைதான் பாப்பாங்க. ரெண்டு தடவை பாக்கணும்னு போட்டது நானுங்க.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முதுகு தன்னையறியாமல் நிமிர்ந்தது. அடுத்த கணம் தளர்ந்தது.

தனேஷ்வர் மஹதோ ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். அந்த மெஷினில் வேலை. பட்டனை அமுக்கினார், மூடி திறந்தது, கொதிக்கிற நீலச் சாயம் முழுக்க அவர் மேல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார்.

விசாரணை நடந்தது. சென்னியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் புரோகிராம் திறக்காது என்று அவர் சொன்னார். அப்படியானால் எப்படித் திறந்தது என்று கேட்டார்கள். சீக்கிரம் வேலையை முடிக்க அவசரப்பட்டுக் கம்பியை விட்டு நெம்பியிருப்பான் என்றார். அதையே எழுதிக்கொண்டார்கள். செத்தவர் மேல் பழி போட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. விசாரணை முடிந்தது.

“வெளிய வந்தனுங்க. அவன் சம்சாரம் வாசல் கேட்டு பக்கத்துல நின்னுச்சு. சோமரின்னு பேரு. இந்தியில என்னமோ கேட்டுச்சு. கூட இருந்த ஆளு தமிழ்ல சொன்னான்.”

“என்னன்னு?”

“‘அவர் நெம்பினதை நீங்க பாத்தீங்களா?’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“காருல ஏறிட்டனுங்க.”

கீழே ரீவைண்டிங் கடையில் யாரோ ஒரு மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது உறுமி அடங்கியது.

“இப்ப உங்களுக்கு என்ன தெரியணும்?”

“அவன் திறந்தானா, என் மெஷின் திறந்துச்சான்னு தெரியணுமுங்க.”

“எது உண்மையா இருக்கணும்னு ஆசைப்படறீங்க?”

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். பொய் சொல்லலாம். அதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

“அவன் திறந்திருக்கணுமுங்க.”

தமயந்தி முதல் முறையாக நாற்காலியைக் காட்டினார்.

“அந்த ஆப்ஜெக்ட் கோப்பைக் கொண்டு வாங்க.”

*

மறுநாளே வந்துவிட்டார். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, அதன் மேல் கையை வைத்தபடி மாடிப்படி ஏறினார்.

தமயந்தி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். கறுப்புத் திரை. அதில் எழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு சின்னக் கோடு. வேறொன்றும் இல்லை.

“ஆப்ஜ்டம்ப். ஒரு இடைவெளி. ஒரு சின்னக் கோடு, டி. அப்புறம் கோப்போட பேரு.”

“நீங்க தட்டுங்களேன்.”

“உங்க கோப்பு சார்.”

தட்டினார். திரை நிறைய வரிகள் ஓடி நின்றன. இடப்பக்கம் எண்கள். நடுவில் இன்னும் எண்கள். வலப்பக்கம் மூன்று மூன்று எழுத்தாகக் குட்டிக் குட்டிக் கட்டளைகள். கம்பைலர் கட்டிக்கொடுத்ததைப் பிரித்துப் போட்டுக் காட்டுவதுதான் அந்த ஆப்ஜ்டம்பின் வேலை.

முப்பது வருஷம் எழுதித் தள்ளியவர் ஒருநாளும் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. கம்பைலர் பிழை ஒன்றும் இல்லை என்று சொன்னால் டீ குடிக்கப் போய்விடுவார். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

“மூடி திறக்கும் பகுதி எங்க இருக்கு?”

தேடிக் கண்டுபிடித்தார்.

“வாய்விட்டுப் படிங்க.”

“மனசுக்குள்ள படிச்சுக்கறனுங்க.”

“மனசுக்குள்ள படிச்சா நீங்க எழுதினதைத்தான் படிப்பீங்க. வாய்விட்டு.”

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்து, திரையில் விரலை வைத்தார்.

“எல் டி ஆர்.”

“அப்படின்னா?”

“எடு.”

“எதை?”

“பிரஷர் எவ்வளவுன்னு எழுதியிருக்கிற இடத்துல இருந்து அந்த எண்ணை எடு.”

“அடுத்தது?”

“சி எம் பி. ஒப்பிடு. பூஜ்யத்தோட.”

“அடுத்தது?”

“பி என் இ. பூஜ்யம் இல்லைன்னா வெளிய தாவு. திறக்காதே.”

“அடுத்தது?”

“டைமரை எடு. ஒரு நிமிஷம் ஆச்சான்னு ஒப்பிடு. ஆகலைன்னா திரும்ப மேல போ. இது காத்திருக்கறதுங்க.”

“படிங்க.”

“எல் டி ஆர்.”

விரல் நின்றது. குரல் உயர்ந்தது.

“எல் டி ஆருங்க மேடம்! மறுபடியும் பிரஷரை எடுக்குது பாருங்க! சி எம் பி, ஒப்பிடுது! பி என் இ! இருக்குதுங்க! ரெண்டாவது தடவை பாக்குது! அதுக்கப்புறம்தான் எஸ் டி ஆர். பூட்டுல எழுது. விடுன்னு எழுது.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதார் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஒரு மனிதர் வெந்து செத்திருக்கிறார். ஆனாலும் அது சந்தோஷம்தான். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்ற சோறு அன்றைக்குத்தான் இறங்கியது அவருக்கு.

“அப்ப அவன்தானுங்க நெம்பியிருக்கான்.”

தமயந்தி திரையைப் பார்க்கவில்லை. பென் டிரைவைப் பார்த்தார்.

“இந்தக் கோப்பு எங்க கிடைச்சது?”

“எங்க கிடைக்குமுங்க? என்கிட்ட புரோகிராம் இருக்குதே. நேத்து வீட்டுக்குப் போய் லேப்டாப்புல கம்பைல் பண்ணினேன்.”

“நேத்தா?”

“ஆமாங்க.”

“தனேஷ்வர் எப்ப இறந்தார்?”

“மூணு மாசம் ஆச்சுங்க.”

“நேத்துப் பொறந்த கோப்பு மூணு மாசத்துக்கு முன்னாடி எப்படி சார் மெஷினை ஓட்டுச்சு?”

சென்னியப்பன் சிரித்தார். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா என்கிற சிரிப்பு.

“அதே புரோகிராம்தானுங்க. ஒரு எழுத்து மாறலை. எப்ப கம்பைல் பண்ணினா என்னங்க?”

“புரோகிராம் வாசல்ல கிடக்கு. நேத்து விட்டுட்டுப் போனது. போறப்ப எடுத்துக்கிட்டுப் போங்க.”

“மேடம்...”

“மெஷின்ல இருந்த கோப்பு வேணும் சார்.”

அவர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினார். தாள்களை எடுக்க மறந்துவிட்டார்.

*

பத்து நாளாக அவர் வரவில்லை.

கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி அனுப்பினார். தமயந்தியிடமிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது: “தேடினீங்களா?”

தேடவில்லை. அதுதான் உண்மை. அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் சர்வரில், வெளியே அனுப்பிய ஒவ்வொரு புரோகிராமின் கோப்பும் தனித்தனிப் பெட்டியில் தேதி போட்டு உட்கார்ந்திருக்கும். எடுக்க இரண்டு நிமிஷம் ஆகாது. அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் அவர் பத்து நாளாகத் தள்ளிப்போட்டார். தினமும் காலையில் ஆபீஸ் போனார், அந்தப் பெட்டியின் பெயரைப் பார்த்தார், வேறு வேலையைப் பார்த்தார். அவரைக் கோழை என்று திட்டத் தோன்றுகிறது. நமக்கு அந்த நாற்காலியில் உட்கார வேண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

பதினோராம் நாள் எடுத்தார்.

பெட்டியைத் திறந்ததும் கோப்புக்குப் பக்கத்தில், கம்பைலருக்கு அன்றைக்கு என்னென்ன சொல்லப்பட்டது என்பதும் இருந்தது. அதில் ஒரு வார்த்தையைப் பார்த்தார். அங்கேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னும் கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பகல் இரண்டரை மணி வெயிலில் கணபதிக்கு வந்து சேர்ந்தார். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்தார். அவரே தட்டினார். ஆப்ஜ்டம்ப், இடைவெளி, கோடு, டி.

மூடி திறக்கும் பகுதி வந்தது. முன்பு பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தது.

“படிங்க,” என்றார் தமயந்தி.

“எல் டி ஆர். பிரஷரை எடு.”

“ம்.”

“சி எம் பி. ஒப்பிடு. பி என் இ. பூஜ்யம் இல்லைன்னா தாவு.”

“ம்.”

“டைமரை எடு. ஒரு நிமிஷம் ஆச்சான்னு பாரு. ஆகலைன்னா திரும்பப் போ.”

“ம்.”

“எஸ் டி ஆர்.”

நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“ஒரு வரி விட்டுட்டேன் போல இருக்குதுங்க.”

“மேல இருந்து படிங்க.”

மேலிருந்து படித்தார். எடு. ஒப்பிடு. தாவு. காத்திரு. எஸ் டி ஆர்.

“இன்னொரு தடவை படிக்கறனுங்க.”

“படிங்க.”

இந்த முறை விரலை எடுக்காமல் ஒவ்வொரு வரியாக இழுத்துக்கொண்டு வந்தார். எடு. ஒப்பிடு. தாவு. காத்திரு. எஸ் டி ஆர்.

“எஸ் டி ஆர்னா என்ன சார்?”

“எழுது.”

“எங்க?”

“பூட்டுல.”

“என்னன்னு?”

“விடுன்னு.”

“ரெண்டாவது எல் டி ஆர் எங்க?”

“இல்லைங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவர் தமயந்தியைப் பார்த்தார். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது, ஆப்ஜ்டம்ப் தப்பாகக் காட்டுகிறது, ஏதாவது ஒன்று.

தமயந்தி திரையைக் காட்டினார்.

“நான் எழுதினனுங்க. மறுபடி பாருன்னு எழுதினேன். வாசல்ல கிடக்குது பாருங்க அந்தத் தாள்ல, இருக்குதுங்க அந்த வரி.”

“இருக்கட்டும். மெஷின்ல ஏன் இல்லை?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“தெரியும். சொல்லுங்க.”

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். தெரியும்தான். பெட்டியைத் திறந்த நிமிஷத்திலிருந்து தெரியும்.

“மெஷினுக்கு அனுப்பின அந்தத் தடவை, அளவைக் குறைன்னு கம்பைலர்கிட்ட சொல்லியிருந்தனுங்க. வீட்டு லேப்டாப்புல அதைச் சொல்லலை. சிப்புல இடம் பத்தலை.”

“ம்.”

“அளவைக் குறைக்கச் சொன்னா அது ஒவ்வொரு வரியா யோசிக்கும். எது தேவையில்லையோ அதைத் தூக்கிரும். பிரஷரை இப்பத்தான் பாத்தோம், பூஜ்யம். நடுவுல இந்தப் பகுதியில யாரும் அதை மாத்தலை. அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை பாக்கணும்னு...”

“யாரும் மாத்தலையா?”

“சென்சார் மாத்துமுங்க. வெளிய இருந்து. ஆனா அது கம்பைலருக்குத் தெரியாது. இது தானா மாறக்கூடியதுன்னு நாமதான் சொல்லணும். வாலட்டைல்னு ஒரு வார்த்தை. பிரஷருக்கு முன்னால அந்த ஒரு வார்த்தையைப் போட்டிருந்தா, ஒவ்வொரு தடவையும் போய்ப் பாத்திருக்கும்.”

“போடலையா?”

“டைமருக்குப் போட்டனுங்க. பிரஷருக்குப் போடலைங்க. அது இல்லாமயே வருஷக்கணக்கா சரியா ஓடுச்சு. அளவைக் குறைக்கச் சொல்லாதவரைக்கும் அது யோசிக்காம, சொன்னதை அப்படியே செஞ்சுக்கிட்டிருந்துச்சு.”

“அளவைக் குறைச்சப்புறம் சோதிச்சுப் பாக்கலையா?”

“மெஷினோட திரையைச் சோதிச்சனுங்க. மூடியைச் சோதிக்கலை. அந்தப் பகுதியில நான் கையே வைக்கலையே.”

கையே வைக்கலையே என்பதை அவர் இன்னொரு முறையும் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

“சிப்புல இடம் எதனால பத்தாமப் போச்சு?”

இந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருக்கலாம். சென்னியப்பனின் உதடு கோணியது.

“இந்தி எழுத்துங்க.”

“எது?”

“திரையில தமிழும் இங்கிலீஷும்தான் வரும். பட்டறையில வேலை பாக்கறவங்க பாதிப் பேரு வடக்க இருந்து வந்தவங்க. அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ‘சூடாக உள்ளது, திறக்காதே’ன்னு தமிழ்ல போட்டு என்னங்க புண்ணியம்? இந்தியில வரணும்னு முதலாளிகிட்ட மல்லுக்கட்டினதே நான்தானுங்க. ஆறு மாசம் சண்டை போட்டு வாங்கினேன். அந்த எழுத்தெல்லாம் சிப்புக்குள்ள ஏத்தினப்பதான் இடம் பத்தலை. அளவைக் குறைச்சேன். உள்ள நுழைஞ்சுது. இந்தி எழுத்து அவ்வளவு அழகா வந்துச்சுங்க மேடம். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

“மூடி கிட்ட அவர் நிக்கிறப்ப திரையில என்ன வந்திருக்கும் தெரியுங்களா?”

தமயந்தி நிமிர்ந்து பார்த்தார்.

“‘காத்திருக்கவும்.’ இந்தியில. நான்தானுங்க போட்டேன். அவர் படிச்சிருக்கார். படிச்சுட்டு, சொன்னபடி அங்கயே ஒரு நிமிஷம் காத்திருந்திருக்கார். மெஷினும் ஒழுங்காக் காத்திருந்திருக்கு. ரெண்டு பேரும் காத்திருந்திருக்காங்க. அதுக்கப்புறம் அது பாக்காமயே திறந்திருச்சு.”

அழுதார். ஐம்பத்தாறு வயது மனிதர் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அப்படி அழுவதைப் பார்க்கச் சகிக்காது. தமயந்தி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை.

“கம்பைலர் பண்ணினது தப்பில்லைங்களா மேடம்?”

“அது அதோட விதிப்படிதான் செஞ்சிருக்கு.”

“அப்ப நான்தான் கொன்னேன்.”

“...”

“கொன்னதும் இல்லாம, செத்தவர் மேல பழியையும் போட்டேன். நெம்பினார்னு சொன்னேன். பாக்காமயே சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு. காருல ஏறிட்டேன்.”

“...”

“வேலையை விட்டுர்றேன். நாளைக்கே எழுதிக் கொடுத்துர்றேன். ஜார்க்கண்டு போய் அந்தப் பொண்ணு கால்ல விழறேன். போலீசுக்குப் போறேன். என்னை ஜெயில்ல போடட்டும். என்ன பண்ணினா இந்தப் பாவம் தீருமுங்க? நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் பண்றேன்.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். தன் பாவம், தன் ஜெயில், தன் வேலை. சொல்லச் சொல்ல அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. துக்கத்துக்கு அப்படி ஒரு சுகம் உண்டு.

தமயந்தி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு மடிக்கணினியை மூடினார். மேஜை மேல் கிடந்த சென்னியப்பனின் கைபேசியை எடுத்து, அவர் கையில் வைத்தார்.

சென்னியப்பன் புரியாமல் பார்த்தார்.

“யாருக்குங்க? போலீசுக்குங்களா?”

“இந்தக் கோப்பை ஒரே ஒரு மெஷின்லதான் போட்டீங்களா சார்?”

அவர் வாயைத் திறந்தார். பதில் சொல்லத்தான் திறந்தார்.

“இல்லைங்க. திருப்பூர்ல இன்னும் ரெண்டு பட்டறை. அப்புறம் பெருந்துறை. ஈரோட்டுல...”

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. முகத்தில் இருந்த அழுகை அப்படியே நின்றுபோனது. பத்து நாள். அந்தப் பத்து நாளும் பெட்டியின் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கைபேசியில் பெயர்களைத் தள்ளினார். விரல் தப்பித் தப்பி விழுந்தது. முதல் எண்ணில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

இரண்டாவது எண். பெருந்துறைப் பட்டறையின் சூப்பர்வைசர். மணி அடித்தது. மறுபடி அடித்தது.

எடுத்தார்கள். மெஷின்களின் இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது.

“அட, சென்னியப்பன் சாருங்களா! சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?”

“முத்துக்குமரேசு, மெஷினு, மெஷினை...”

“ஒண்ணும் கேக்கலைங்க சார், ஒரே சத்தம். நம்ம பசங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க, லைன்லயே இருங்க. மூடியைத் திறந்துட்டு வந்தர்றனுங்க.”